ஓய்வு தேடி வருபவரும் வாடி இழப்பவரும்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் சிகிரியாக் குன்றில் ஏறி இறங்கும் வெளிநாட்டவரில் பலர் அடுத்துப் போவது கடற்கரைக்குத்தான். தம்புள்ளையிலிருந்து ஹபரண வழியாகச் செல்லும் ஏ6 வீதி நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடித் திருகோணமலையைத் தொடுகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் காலி, ஹிக்கடுவை, வெலிகமப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியும் நிலாவெளியும் குளம்போல் கிடக்கும். வடகீழ்க் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். இந்த இரு காற்றுகளின் கணக்கு பிடிபட்டவருக்கு ஆண்டு முழுவதும் இத்தீவில் ஏதோ ஒரு கரை அமைதியாகவே இருக்கும். இரண்டு வாரத்துக்கென்று வந்தவர் இரண்டு வருடம் தங்கி, ஊரோடு ஒட்டிவிடுவது இப்படித்தான்.

அப்படி ஒட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கையில் குடியேறிய அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமிமலை அடிவாரத்தில் முக்குளித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் கற்களும் தூண்களும் கடலடியில் கிடந்ததை அவர்கள் கண்டார்கள். மாத்தளைக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. 1979இல் வெளியான ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பரடைஸ்’ நாவலில் வரும் மன்னனின் கதைக்குச் சிகிரியாவும் அதைக் கட்டிய காசியப்ப மன்னனும்தான் மூலம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக அவர் நீண்ட காலம் இருந்தார். அவர் பெயரில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் இன்றும் இயங்குகிறது. ஹிக்கடுவையில் அவர் வைத்திருந்த முக்குளிப்பு நிலையத்தை 2004 சுனாமி கொண்டுபோனது. 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அவர் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை.

கிளார்க்கை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அந்நியர் வந்து தங்குவதே கேடு என்று நினைப்பவர்களுக்கு அவர் வாழ்வே மறுப்பு. பிரச்சினை வருகிறவரின் தோல் நிறத்திலோ பணத்திலோ இல்லை. எந்த ஏற்பாட்டின் கீழ் தங்குகிறார், அவர் தங்குவதால் கரையில் யாருடைய இடம் சுருங்குகிறது என்பதே கேள்வி.

2022இல் உக்ரேன் போர் மூண்டபின் இலங்கை ரஷ்யர்களுக்கும் உக்ரேனியர்களுக்கும் சுற்றுலா விசாவைக் கட்டணமின்றி நீடித்துக்கொடுத்தது. போருக்கு அஞ்சி வந்தவர்களுக்குக் காட்டிய கருணை அது, சரியான செயல்தான். அடுத்த இரு ஆண்டுகளில் சுமார் 288,000 ரஷ்யர்களும் ஏறக்குறைய 20,000 உக்ரேனியர்களும் வந்துபோனதாக அதிகாரபூர்வத் தரவுகள் சொல்கின்றன. அவர்களில் ஒரு பகுதியினர் தென்கரையிலேயே தங்கினார்கள். தங்கியவர்களில் சிலர் உணவகமும் வாடகை வண்டியும் அலைச்சறுக்கு வகுப்பும் நடத்தத் தொடங்கினார்கள். சுற்றுலா விசாவில் தொழில் செய்ய முடியாது. உள்ளூர் முச்சக்கரவண்டிக்காரரும் விடுதிக்காரரும் முறையிட்டுப் பார்த்தார்கள், பெரிதாக யாரும் கேட்கவில்லை. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ‘வெள்ளையர்களுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு ஓர் இரவு விருந்து விளம்பரமானது. நாடே கொதித்தது, விருந்து கைவிடப்பட்டது. அதே நாட்களில், நீடித்த விசாவில் இருந்தவர்கள் இரு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களம் அறிவித்தது. அமைச்சரவையைக் கேட்காமல் அறிவித்தது ஏன் என்று ஜனாதிபதி அலுவலகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டு ஆண்டு அசட்டையாக இருந்துவிட்டு இரண்டு வாரத்தில் துரத்துவது விருந்தோம்பலும் அல்ல, நிர்வாகமும் அல்ல.

காணி விடயத்திலும் இதே தடுமாற்றம்தான். வெளிநாட்டவர் காணி வாங்கினால் நூறு வீத வரி என்று 1963இல் சட்டம் வந்தது. 2002இல் வரி நீங்கியதும் காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகள் கைமாறின. 2004இல் வரி திரும்பவும் வந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி விற்பனையையே தடுத்தது. ஆனால் 99 ஆண்டு வரை குத்தகைக்கு வழி வைத்தது. 99 ஆண்டு என்பது மூன்று தலைமுறை. குத்தகைக்குக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைக்கும் அந்தக் கரை திரும்பக் கிடைக்காது.

மாத்தளைக்காரருக்கு இந்த இடத்தில் வலிக்கும். 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஓகஸ்டில் மாத்தளையை வந்தடைந்தது. தென்னிந்தியத் தொழிலாளர்கள் கடல் கடந்து, தலைமன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மலையகம் ஏறியதன் 200 ஆண்டு நினைவு அது. வழியில் மாண்டவர்களை எண்ண ஆளில்லை. அவர்களின் சந்ததியினர் பலர் இன்னும் லயன் அறைகளில், தம் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லாமல் இருக்கிறார்கள். ஓய்வுக்கு வந்தவருக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதக் காட்டும் சுறுசுறுப்பில் கொஞ்சத்தையாவது இந்த மக்களின் காணி உறுதிக்குக் காட்டக் கூடாதா?

கரையோர மீனவருக்கும் இடம் இழக்கும் அனுபவம் புதிதல்ல. சுனாமிக்குப் பின் பாதுகாப்பு வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வரையறுத்தார்கள். அதற்குள் மீனவரின் தொழிற்குடிசையான வாடியும் வீடும் கட்டக் கூடாது என்றார்கள். அதேவேளை விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. பின்னர் எல்லை தளர்த்தப்பட்டது என்றாலும், அதற்குள் பலர் கரையை விட்டு உள்ளே தள்ளப்பட்டுவிட்டார்கள். கரைவலைக்காரருக்கு வீடு இருந்தால் மட்டும் போதாது. வலை வளைக்க, இழுக்க, காயவைக்க நீண்ட வெளிக் கரை வேண்டும். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். அதில் சாய்கதிரைகளை வரிசையாகப் போட்டாலே போதும், தொழில் நின்றுவிடும்.

இப்படியே நடக்க வேண்டும் என்று விதியில்லை. அதற்குச் சான்று மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம்புள்ளைக்கு அருகே கண்டலமக் குளக்கரையில் பெரிய விடுதி ஒன்று வரப்போகிறது என்றதும் பிக்குமாரும் விவசாயிகளும் எதிர்த்து எழுந்தார்கள். வயலுக்குப் பாயும் நீர் கெட்டுவிடும் என்பது அவர்களின் முதல் அச்சம். விடுதி நின்றுவிடவில்லை. ஆனால் வடிவமைத்த ஜெஃப்ரி பாவா சிகிரியாவின் காலடியில் முதலில் காட்டப்பட்ட இடத்தை ஏற்காமல், தொலைவிலிருந்து குன்றைப் பார்க்கும் கண்டலம மலைச்சரிவைத் தேர்ந்தார். மழைநீர் தடையின்றிக் கீழே ஓடும்படி கட்டடம் தூண்களில் நின்றது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது முக்கிய நிபந்தனையானது. லீட் எனும் பசுமைக் கட்டடச் சான்றிதழை உலகில் முதலில் பெற்ற விடுதிகளில் அது ஒன்று. ஊரார் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு கவனம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய ரகசியமல்ல. 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென ‘எனது கனவு இல்லம்’ என்ற விசாத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வைப்புப் பணமும் மாதாந்தம் வெளியிலிருந்து வரும் வருமானமும் அதன் நிபந்தனைகள். வேலை செய்யும் வயதினருக்கும் இதுபோன்ற வெளிப்படையான வழி, உரிய வரியோடு வேண்டும். மாதக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு வீடும் பிரதேச சபையில் பதியப்பட வேண்டும். யார் பெயரில், யாருக்காக என்பது அதில் தெரிய வேண்டும்.

அதைவிட அவசரமானது கிழக்குக் கரை. நிலாவெளிக்கு வடக்கே குச்சவெளியில் விடுதிகளுக்கென்று காணிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அடுத்த அனுமதிப்பத்திரம் கைமாறுமுன் கடற்றொழில் திணைக்களமும் கடற்றொழில் சங்கங்களும் சேர்ந்து ஒவ்வொரு கரைவலைப் பாட்டையும் வரைபடத்தில் குறித்து, தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் ஒட்டட்டும். குத்தகை எழுதுபவர் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே காணியின் எல்லைக்கல் நடப்படட்டும்.