சார்லஸ் ட்ரூ பற்றிய அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்



"ரத்த வங்கியைக் கண்டுபிடித்த கறுப்பின டாக்டருக்கே வெள்ளையர் ஆஸ்பத்திரி ரத்தம் தர மறுத்தது, அவர் உயிர் போனது" என்று ஒரு செய்தி குழுக்களில் சுற்றுகிறது. படித்தால் நெஞ்சு உருகும். ஆனால் பொய்.

அமெரிக்காவின் சார்லஸ் ட்ரூ 1950 ஏப்ரல் 1 அன்று, வட கரோலினாவில் நடந்த கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். அவரைக் காப்பாற்றப் போராடியவர்கள் வெள்ளைக்கார டாக்டர்கள். காரில் உடன் சென்ற கறுப்பின டாக்டரே இதைச் சொல்லியிருக்கிறார். ரத்த வங்கியும் ட்ரூவுக்கு முன்பே உண்டு. பிளாஸ்மாவைப் பெருமளவில் சேகரித்துப் பத்திரப்படுத்தும் முறைகளைச் சீராக்கி, 1940-ல் போரில் தவித்த பிரிட்டனுக்கு அனுப்பியதுதான் அவர் சாதனை.

"நல்ல கருத்துதானே சார், பொய்யாக இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். கேடு இருக்கிறது. இந்தப் பொய், பழியைப் பெயர் தெரியாத ஓர் ஆஸ்பத்திரி மேல் போட்டுவிட்டு, உண்மையான குற்றத்தை மறைக்கிறது.

அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் போர்க்காலத்தில் முதலில் கறுப்பினத்தவர் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. 1942 முதல் வாங்கியது. ஆனால் தனியாகப் பிரித்து வைத்தது. ராணுவமும் அதையே விரும்பியது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த வழக்கம் ஒழிய 1950 ஆனது.

செய்தவர்கள் முரடர்கள் அல்ல, படித்தவர்கள். கூட்டம் போட்டு, விதியாக எழுதிச் செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான். அனுப்புவதென்றால் இதை அனுப்புங்கள்.