இரத்தசாட்சிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோர்

பொய்யென்று தெரிந்த ஒன்றுக்காக எவரும் உயிரைக் கொடுப்பதில்லை. திருத்தூதர் அனைவரும் உயிரைக் கொடுத்தனர். ஆகவே உயிர்த்தெழுதல் மெய். கிறித்தவ மாணவர் கூட்டங்களிலும் காணொளி விவாதங்களிலும் ஓயாது ஒலிக்கும் வாதம் இது. உயிர்த்தெழுதல் மெய்யா என்பது இறையியல் வினா. அது ஒருபுறம் நிற்கட்டும். இரண்டாம் கூற்றோ முழுக்க வரலாற்றுக் கூற்று. வரலாற்றின் முன் அது நிற்பதில்லை.

சான்றுகளை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. செபதேயுவின் மகன் யாக்கோபு ஏரோதின் ஆணையால் வாளுக்கு இரையானதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. பேதுரு, பவுல் ஆகியோரின் முடிவை முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய கிளெமெந்தின் கடிதம் உணர்த்துகிறது. இயேசுவின் சகோதரர் யாக்கோபு பொ.ஆ. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை ஜோசிபஸ் பதிவு செய்கிறார். இந்நால்வருள் பவுல் பன்னிருவரைச் சேர்ந்தவர் அல்லர்; இயேசுவின் சகோதரர் அவர்களுள் ஒருவரா என்பதும் விவாதத்துக்குரியது. ஏனையோரின் மரணக் கதைகள் பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் எழுந்தவை. திருச்சபை தன் திருமுறையில் சேர்த்துக்கொள்ளாத நூல்களில் வாழ்பவை.

இந்தியக் கேட்போரிடம் இவ்வாதம் தோமாவைத் தவறாமல் அழைத்து வருகிறது. அதற்கு ஆதாரமான 'தோமா நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியாக் மொழியில் உருவானது. அந்நூல் கூறும் கொண்டோபரேஸ் மன்னனின் காசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. தக்த்-இ-பாஹி கல்வெட்டும் அவன் முதல் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்டதை உறுதி செய்கிறது. உடனே நூல் முழுவதும் வரலாறாகிவிட்டது என்பர். மன்னன் ஒருவனின் பெயர் மெய்யென்பதால் அவனைச் சுற்றிப் புனைந்த கதை மெய்யாகிவிடாது. அதே நூலில் கழுதைக் குட்டி பேசுகிறது. பாம்பு தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை.

இதனினும் முக்கியமான செய்தியை இவ்வாதம் மறைத்தே செல்கிறது. அந்நூலில் தோமா கொல்லப்படுவது உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகச் சாட்சி சொன்னதற்காக அன்று. அவர் போதனையைக் கேட்டு அரசனின் மனைவியும் அரசனின் உறவினன் மனைவியும் இல்லற உறவைத் துறந்ததே அரசனின் சினத்துக்குக் காரணம். நூலை நம்பினாலும் வாதம் தோற்கிறது. நம்பாவிடில் வாதத்துக்கு அடிப்படையே இல்லை. மேலும், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெராக்ளியோன், அதிகாரிகளின் முன் அறிக்கையிடாமலே மறைந்தோர் வரிசையில் மத்தேயு, பிலிப்பு ஆகியோருடன் தோமாவையும் வைத்தார். இதை நமக்குக் காத்துத் தந்தவர் திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து. மேடைகளில் இந்தச் சாட்சியை எவரும் அழைப்பதில்லை.

கொல்லப்பட்டது உறுதியான இடத்திலும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. மறுதலித்தால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு இருந்தால்தான் மரணம் சாட்சியத்தின் உறுதியைக் காட்டும். ஏறத்தாழ 112இல் பிளினியின் விசாரணையில் அவ்வாய்ப்பு இருந்தது. மறுதலிப்போருக்கு மன்னிப்பு உண்டென்று டிராஜன் விடையளித்தார். ஆனால் 64இல் ரோமை எரித்த பழியை நீரோ கிறித்தவர் மேல் சுமத்திக் கொன்றதைச் சொல்லும் டாசிட்டஸின் பதிவில் மறுதலித்தோருக்கு விடுதலை என்ற பேச்சே இல்லை. பேதுருவும் பவுலும் எந்நிலையில் இறந்தனர் என்பதை எச்சான்றும் தெளிவுறுத்தவில்லை.

இவ்விடைவெளிகளைக் கண்டு மகிழ்வோர் மறுபுறம் உள்ளனர். தோமா வருகைக்குச் சான்று இல்லையெனில் இந்தியக் கிறித்தவமே ஐரோப்பியரின் இறக்குமதி என்று அவர்கள் முடிவு கட்டுகின்றனர். இதுவும் அதே பிழையின் மறுபக்கம். ஆறாம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் கிறித்தவர் இருந்ததைக் காஸ்மாஸ் குறிக்கிறார். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்துப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைப் பட்டியலிடுகிறது. போர்த்துகீசியக் கப்பல் வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தைய ஆவணம் அது. ஒரு சமூகத்தின் தொன்மை வேறு. அதன் தோற்றக் கதையின் வரலாற்றுண்மை வேறு. முன்னது நிறுவப்பட்டது, பின்னது நிறுவப்படாதது.

இப்பிழைக்கு விலை கொடுப்போர் மேடைப் பேச்சாளர் அல்லர், மாணவரே. பன்னிருவரின் மரணமே தன் நம்பிக்கையின் அடித்தளம் என்று பயிற்றுவிக்கப்பட்ட ஒருவர், மூலநூல்களை வாசிக்கும் முதல் கருத்தரங்கிலேயே இரண்டில் ஒன்றைத் துறக்க நேர்கிறது: நம்பிக்கையை, அல்லது வாசிப்பின் நேர்மையை. இந்தத் தேர்வு வரலாறு விதித்ததன்று. தற்காப்பு வாதம் தானே உருவாக்கியது. இறந்தவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. விசுவாசத்தை விசுவாசமாக அறிக்கையிடலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. வரலாறு என்று அழைத்த கணத்தில், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு.