பாஸ்போர்ட்டுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்!

“என் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கத்தாரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட், பாஸ்போர்ட் எடுக்க மட்டும் 9,000 ரூபாய் கேட்கிறார். ‘பத்தாம் வகுப்பு சான்றிதழையும் நானே ஏற்பாடு செய்துவிடுகிறேன்’ என்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?”

- வாசகர், சிவகங்கை மாவட்டம்.

கொடுக்க வேண்டாம். 18 வயது நிரம்பியவருக்கு 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கான அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அவசரம் என்று தட்கல் முறையில் எடுத்தால் கூடுதலாக 2,000 ரூபாய். போலீஸ் விசாரணைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

விண்ணப்பத்தை ‘பாஸ்போர்ட் இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற அரசு இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். இதே போன்ற பெயரில் போலித் தளங்கள் இருப்பதால், முகவரியின் முடிவில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனில் செய்யத் தெரியாவிட்டால், பொது சேவை மையத்தில் சிறு கட்டணத்தில் பதிவு செய்து தருவார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியதும் நாள், நேரம் கிடைக்கும். அன்று உங்கள் மகன் அசல் ஆவணங்களோடு நேரில் போக வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று அலைய வேண்டியதில்லை. 2017-ம் ஆண்டு முதல் பல ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் செயல்படுகிறது. பதிவு செய்யும்போதே அருகில் உள்ள மையத்தைத் தேர்வு செய்யலாம். சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., பான் கார்டு இவற்றில் ஒன்று போதும். (1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம்.) முகவரிக்கு ஆதார் அல்லது போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் இருந்தால், வி.ஏ.ஓ. சான்று தேடி அலைய வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்வது மூன்று இடங்களில். முதலாவது, பிறந்த தேதி. டி.சி.யில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால், சரியான ஆவணத்தோடு போங்கள். இரண்டாவது, இன்ஷியல். பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்தாகப் போட முடியாது. அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். வெறும் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால் சில நாடுகளின் விசாவில் சிக்கல் வரும். மூன்றாவது, முகவரி. மகன் இப்போது தங்கியிருப்பது திருப்பூரில் என்றால் அந்த முகவரியைத்தான் தற்போதைய முகவரியாகக் கொடுக்க வேண்டும். ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு, விசாரணைக்குப் போலீஸ் வரும்போது ஆள் இல்லை என்றால் பாதகமான அறிக்கை போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ வகையில் வரும். கத்தார், குவைத், சவுதி, ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். ஏஜென்ட் போலிச் சான்றிதழ் தருவதாகச் சொல்வது இதைத் தட்டிக்கழிக்கத்தான். ஆனால், இந்த அனுமதி உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு. சம்பளம், வேலை, முதலாளி விவரம் எல்லாம் ஒப்பந்தமாக அரசிடம் பதிவாகும். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு பிரீமியம் 275 ரூபாய்தான்.

பொய்யான விவரம் கொடுத்து பாஸ்போர்ட் வாங்குவது 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாட்டுவது ஏஜென்ட் அல்ல, கையெழுத்துப் போட்ட உங்கள் மகன்தான். ‘விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால், அவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். பாஸ்போர்ட்டை உங்கள் மகனே எடுக்கட்டும். அது ஸ்பீடு போஸ்ட்டில் அவர் கைக்கே வரும். வந்த பிறகும் அசல் புத்தகத்தை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.