நூலக நாளிதழ்ப் பகுதி: சங்கத்தின் நிலைப்பாடு

கிளை நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியைக் காலையில் மூடிவிட்டு, அந்த இடத்தைப் போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒதுக்கும் நூலக நிர்வாகத்தின் முடிவை நம் மூத்த குடிமக்கள் சங்கத்தின் செயற்குழு விவாதித்தது. இதை எதிர்த்து நாம் கொடுத்த மனுவுக்கு வாய்மொழியாகவே பதில் கிடைத்தது.

மாணவர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாலை நேரம் முழுவதையும் அவர்களுக்கு விடுவதைப் பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள். ஓரிருவர் ஏற்கவில்லை என்பதையும் பதிவுசெய்கிறோம்.

ஆனால், "பெரியவங்க வீட்டிலேயே செல்போன்ல பேப்பர் படிக்கலாமே" என்று நமக்குக் கிடைத்த பதிலை ஒருக்காலும் ஏற்க முடியாது. பேப்பருக்காக மட்டுமா போகிறோம்? காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் வேண்டும். போக வர நடை. அங்கே அரசியல் பேச்சு, மாத்திரை விசாரிப்பு. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆள் உண்டு. இதை நிறுத்தினால் மிஞ்சுவது என்ன? பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் டி.வி., பகல் தூக்கம், தூக்கம் வராத இரவு. முழங்கால் இறுகும், சர்க்கரை ஏறும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மறதி நோய்க்கு இட்டுச்செல்லும், மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மையோடு தனிமைப்பட்டுப் போவதும் அதில் இருக்கிறது. நூலகத்துக்குப் போனால் நோயே வராது என்று சங்கம் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தான் வெளியே போகிறார் என்ற வாதத்திலும் உண்மை இருக்கலாம். அதற்காக, நடக்க முடிகிறவர்களையும் நாற்காலியில் உட்காரவைப்பீர்களா? இது கொடுமை.

1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

சமையலும் பேரப்பிள்ளைகளும் காலையை விழுங்கிவிடுவதால் தங்களுக்குப் பிற்பகல் நேரமும் வேண்டும் என்ற பெண் உறுப்பினர்களின் கோரிக்கை நியாயமானது. அது தனியே பரிசீலிக்கப்படும். கழிப்பறை, சாய்தளம் பற்றிய பழைய கோரிக்கைகள் அப்படியே தொடர்கின்றன.

காலை 8 முதல் 11 மணிவரை நாளிதழ்ப் பகுதி திறந்திருக்க வேண்டும். இதற்கான பதிலை, இம்முறை வாய்மொழியாக அல்லாமல், எழுத்தில் தர வேண்டும். அதுவரை உறுப்பினர்கள் வழக்கமான நேரத்துக்கே நூலகத்துக்கு வருவார்கள். கதவு மூடியிருந்தால் வாசலில் உட்கார்ந்து படிப்பார்கள்.

— செயற்குழு