இரண்டும் நீல நோட்டு

ஹனோய் விமான நிலைய ஏ.டி.எம்மில் 30 லட்சம் எடுத்தேன். லட்சாதிபதியான பெருமை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. வியட்நாம் டாங் அது. நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஐம்பது வயதில் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு. இ-விசா வீட்டில் இருந்தபடியே கிடைத்துவிட்டது. முதுகில் மாட்டிய பை மகனுடையது. அதில் எட்டு கிலோ சாமான். தலையில் அதைவிடக் கனமாக அறிவுரைகள். “டாக்ஸிக்காரன் ஏமாத்துவான், தெருக்கடையில பார்த்துக் காசு குடுங்க, யாராவது கூப்பிட்டா திரும்பியே பார்க்காதீங்க” என்று மனைவி முதல் எதிர்வீட்டுக்காரர் வரை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் டாக்ஸி பக்கமே போகாமல் 86-ம் நம்பர் பஸ்ஸில் ஏறி, செந்நதியைத் தாண்டி, பழைய நகரத்தில் இறங்கினேன்.

‘36 தெருக்கள்’ என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர். பல தெருக்களின் பெயர் ‘ஹாங்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. சரக்கு என்று அர்த்தமாம். ஹாங் பாக் வெள்ளிக்கு, ஹாங் மா முன்னோருக்குப் படைத்து எரிக்கும் காகிதப் பொருள்களுக்கு. ஹாங் காய் என்றால் சணல். ஆனால், இன்று அங்கே விற்பது பட்டு. எங்கள் மதுரை எழுத்தாணிக்காரத் தெருவில் எழுத்தாணி தேடினால் கிடைக்குமா என்ன?

நடைபாதை முழுக்கக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களும் நிறுத்திவைத்த பைக்குகளும். சாலையிலோ பைக் வெள்ளம். கையை உயர்த்திக்கொண்டு குடுகுடுவென்று ஓடும் நம்மூர் வித்தை இங்கே ஆபத்து. ஒரே வேகத்தில் மெதுவாக நடக்க வேண்டும். நிற்கவோ பின்வாங்கவோ கூடாது. அவர்களே நம்மைச் சுற்றிக்கொண்டு போவார்கள். படித்துத் தெரிந்துகொண்டதுதான். காலை எடுத்து வைக்கத்தான் தைரியம் வரவில்லை.

பசி. தள்ளுவண்டியில் ஓர் அம்மா ‘பான் மீ’ போட்டுக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டிக்குள் முட்டை, வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய் சாஸ். இரண்டு விரலைக் காட்டினார். இருபதாயிரம். ஒரு நீல நோட்டைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், பின்னால் கத்தும் குரல். அவரேதான். ‘ஆரம்பிச்சாச்சுடா’ என்று நடையை எட்டிப் போட்டேன். குரலும் கூடவே வந்தது. பயத்தில் சாலையில் இறங்கிவிட்டேன். எப்படிக் கடந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால், தன் வீட்டு அடுப்படியில் நடப்பதுபோல அந்த வெள்ளத்துக்குள் நடந்து வருகிறார் அந்த அம்மா. கையில் நான் கொடுத்த நோட்டு. அது ஐந்து லட்சம் டாங்! இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம்; இரண்டிலும் ஹோ சி மின் படம். எழுபது ரூபாய் ரொட்டிக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறேன்.

சைபர்களை ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக் காட்டினார். என் பர்ஸை நீட்டினேன். ஒரு இருபதாயிரத்தை உருவிக்கொண்டு, ஐந்து லட்சத்தை உள்ளே வைத்தார். ஏதோ திட்டினார். பாஷை புரியவில்லை, திட்டு புரிந்தது.

என் விடுதி எதிர்ப்பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. தயங்கி நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையின் வாரைப் பிடித்துத் தரதரவென்று சாலைக்குள் இழுத்துப் போனார்.

வண்டியருகே இரண்டு பேர் ரொட்டிக்காகக் காத்திருந்தார்கள். அவருடைய பணப்பெட்டி திறந்தபடியே கிடந்தது.