போர்டு தெரியுது... ஓரம்?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் எங்க ஆபீஸ் நண்பர்தான் எனக்கு பைனாகுலர். பஸ் உள்ளே திரும்பும்போதே 'நாமக்கல் ஸார், ஓடுங்க!' என்பார். நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் விழுந்திருக்கும்.

அந்த ஆசாமியைப் போய் 'கண் டாக்டரைப் பாருங்க' என்று அவருடைய ரத்த டாக்டர் சொன்னார். நண்பர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தப்பு.

நண்பர் கூடலூர்ப் பக்கம். அரிவாள் செல் நோய் உண்டு. ஆக்ஸிஜன் குறைந்தால் சிவப்பணுக்கள் கதிரறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து, விறைத்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். பரம்பரைச் சமாசாரம், தொட்டால் ஒட்டாது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை 1952-லேயே எழுதிவிட்டார்கள்.

விழித்திரை ஓரத்தில் சிக்கினால்தான் வில்லங்கம். பஸ் போர்டு படிப்பது விழித்திரை நடுப்பகுதியின் உத்தியோகம். ஓரம் ரத்தமில்லாமல் பட்டினி கிடந்தாலும் நமக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை விரிகிற அழகைப் பார்த்து டாக்டர்கள் 'கடல் விசிறி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர்தான் அழகு. குழாய் நோஞ்சான். ஒருநாள் உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம், விழித்திரையே பிய்ந்துகொள்ளலாம்.

லேசரால் அந்தப் பட்டினி ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சூடு வைக்கிறார்கள். புதுக் குழாய் கேட்டு நச்சரிப்பது அடங்கும். 1980-களில் ஜமைக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். விசிறி எல்லாம் மறைந்துவிடவில்லை. ஆனால் பார்வை பறிபோவது குறைந்தது. சில விசிறிகள் தானாகவே வாடிவிடும் என்பதால் எல்லோருக்கும் சுடுவதில்லை. போன பார்வையை லேசர் திருப்பித் தராது. அதனால்தான் இந்த நோய்க்காரர்கள் பத்து வயசிலிருந்தே, ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு ஓரத்தைக் காட்டணும்.

நண்பரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வலது கண்ணில் விசிறி இருந்தது. அன்றைக்கே தேதி கொடுத்தார்கள். அடுத்த வாரம் லேசர். அரை மணியில் முடிந்தது. 'கொஞ்சம் சுருக் சுருக்குன்னுது ஸார், அவ்வளவுதான்.'

முதல் நாள் சொட்டு மருந்தோடு வெளியே வந்தபோது, மத்தியான வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: 'எந்த பஸ் ஸார்?'

'நாமக்கல்தான், ஏறுப்பா!' என்றேன் கம்பீரமாக.

டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரிந்தது, அது ராசிபுரத்தோடு நின்றுவிடுமாம்.