பிள்ளையின் குணத்தைக் காலண்டரில் தேடாதீர்கள்

பெற்றோர்களே, உங்களைப் போலவே பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் ஒருவனாக இதை எழுதுகிறேன். அங்கே காதில் விழும் பேச்சைக் கேட்டால் வயிறு எரிகிறது. "இவன் ஆடியில பொறந்தவன், அதான் இந்தப் பிடிவாதம்." "சித்திரைப் புள்ள, குடும்பத்துக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னாங்க." "நவம்பர்ல பொறந்தவ, எதையும் மறக்க மாட்டா, மனசுல வச்சே பழிவாங்குவா." இத்தனையையும் புத்தகப் பையைச் சுமந்தபடி பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

சித்திரையில் பிள்ளை பிறந்துவிடக் கூடாதென்று ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைத்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் நாம். அதே நாம்தான் 'பிறந்த மாதமும் மூளையின் போக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அறிவியல் என்று நம்பி அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். பழைய பேச்சு புதுச்சட்டை போட்டு வந்தால் உண்மையாகிவிடுமா?

"ஆனால், என் பிள்ளைக்கு அப்படியே பொருந்துகிறதே" என்கிறீர்கள். எல்லாருக்கும் பொருந்தும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். தேர்வின் முடிவு என்று சொல்லி ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, மாணவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பகுதி ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 2006-ல் ஆய்வாளர் பீட்டர் ஹார்ட்மனும் சகாக்களும் 4,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் பிறந்த தேதியையும் குணத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

கோளாறு நம் பார்வையில்தான் இருக்கிறது. பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டிவிட்டால், அவன் அழுது புரண்ட நாள் நினைவில் நிற்கிறது; தங்கைக்கு விட்டுக்கொடுத்த நாள் மறந்துபோகிறது. நாம் எதிர்பார்ப்பதையே பிள்ளையும் ஒருநாள் செய்யத் தொடங்கும். கானாவின் அசாந்தி மக்களிடம், திங்கட்கிழமை பிறந்த பையன் சாது, புதன்கிழமை பிறந்தவன் முரடன் என்ற நம்பிக்கை உண்டு. பிறந்த கிழமையே பிள்ளைக்குப் பெயராகவும் அமையும். குஸ்டவ் ஜஹோடா என்ற உளவியலாளர் குமாசி நகரச் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டி, 1954-ல் தன் முடிவை வெளியிட்டார். அடிதடி வழக்குகளில் புதன்கிழமைப் பையன்கள் கூடுதலாக இருந்தார்கள். திங்கட்கிழமைப் பையன்கள் மீது குற்றப் பதிவே குறைவு. கிழமைக்கு ஏது அந்தச் சக்தி? ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி வளர்த்த சொல்லுக்கு அது இருந்திருக்கலாம்.

பிறந்த மாதம் பிள்ளையை உண்மையாகவே தொடுகிற இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் நாம் பேசுவதே இல்லை. தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எல்.கே.ஜி. சேர, ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளை அந்த வகுப்பிலேயே சிறியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்தது அடுத்த ஆண்டு சேர்ந்து, தன் வகுப்பிலேயே பெரியதாக இருக்கும். இரண்டும் ஆடிப் பிள்ளைகள்தான்! மூன்று நான்கு வயதில் ஓராண்டு இடைவெளி சின்ன விஷயமா? சிறியது பென்சில் பிடிக்கத் திணறும், ஓரிடத்தில் உட்காராது. உடனே மந்தம், வால் என்று பட்டம் கட்டுகிறோம்.

மருத்துவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு என்று முத்திரை விழுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம். அந்த வரம்பு இல்லாத மாநிலங்களில் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. ஆக, வயதில் இளையதாக இருந்ததே பல பிள்ளைகளுக்கு நோயாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், கண்டித்தும் சொல்கிறேன். மாதத்தையும் ராசியையும் சொல்லிப் பிள்ளையின் குணத்தைப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளையின் எதிரில் சொந்தக்காரர் யாராவது பேசினால், பெரியவர் என்று பார்க்காமல் தடுங்கள். ஆசிரியர் குறை சொன்னால், வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிட உங்கள் பிள்ளை எத்தனை மாதம் இளையது என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடியில் பிறந்ததால் அப்படித்தான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எந்த மாதத்தில் பிறப்பது என்று பிள்ளை முடிவு செய்யவில்லை. அதன் பெயரால் என்ன பேச்சைக் கேட்டு அது வளர வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர்கள் நாம்தான்.